தருமத்தைக் காப்பது யார்?



தருமம் தலை காக்கும் என்பது பாட்டிமார் சொல்லிச் சொல்லி நம் வீடுகளில் நிலைத்துவிட்ட பழமொழி. செய்த தருமம் செய்தவரை ஆபத்துக் காலத்தில் காப்பாற்றும் என்பது அதன் பொருள். அது இருக்கட்டும். அந்தத் தருமத்தைக் காப்பது யார்? இன்றைய உரையின் பொருள் அந்தக் கேள்விதான். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. அவர்களின் பள்ளிக்கூடம், கோயில், குடியிருப்பு, ஆறு எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

சாவா மூவாப் பேராடு

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் சோழ நாட்டில் கோயிலுக்கு விளக்கு வைக்க விரும்பியவர்கள் ஓர் அருமையான முறையைக் கையாண்டார்கள். கையில் இருந்த காசை எண்ணெய்க்குக் கொடுத்தால் காசும் தீரும், விளக்கும் அணையும். ஆகவே ஆடுகளைக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கு இருக்கிறது. அந்த ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விடுவார்கள். இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு கிழடு தட்டினாலும் செத்தாலும் அதன் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். எண்ணிக்கை என்றைக்கும் 96 தான். அதனால் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு.

முதலில் கை வைக்காமல் அதன் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது. நாளை வரப்போகிறவனுக்கும் அதே பயன் கிடைக்கும்படி விட்டுச் செல்வது. இன்று உலகம் நீடித்து நிலைக்கும் வளர்ச்சி என்று பேசுகிறதே, அதன் கருத்து இதுதான். ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் 17 இலக்குகளை வகுத்தது. நகரங்கள் எல்லாரையும் அரவணைப்பவையாகவும் பாதுகாப்பானவையாகவும் நிலைத்து நிற்பவையாகவும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் 11-ஆவது இலக்கு. தமிழன் அதை ஆட்டுக்கணக்கில் எழுதி வைத்தான்.

அந்தக் காலக் கல்வெட்டுகளில் இன்னொன்றும் உண்டு. தானம் செய்தவர் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைப்பார். பின்னாளில் இந்த அறத்தைக் காப்பாற்றுகிறவர் யாரோ, அவருடைய பாதம் தம் தலைமேல் என்பார். மன்னர்கள் செய்த தானங்களிலும் இந்த வாசகம் இருக்கிறது. பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவரின் காலை மன்னன் தன் தலையில் தாங்குகிறான். கொடுத்தவரைவிடக் காத்தவர் பெரியவர் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

ஈகையும் ஒப்புரவும்

வள்ளுவர் கொடுப்பதைப் பற்றி ஒரே அதிகாரத்தில் பேசி முடித்துவிடவில்லை. 22-ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். அதற்கு அடுத்த 23-ஆவது அதிகாரம்தான் ஈகை. பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவது ஈகை. ஊர் முழுவதற்கும் பயன்படும்படி வாழ்வது ஒப்புரவு. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊரார் குடிநீர் எடுக்கும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். நீர், உணவு, மருத்துவம். ஒரு நகரத்துக்கு இன்றைக்கும் முதலில் தேவைப்படுபவை அவைதாம்.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. பசித்தவனிடம் போய், பொறு, அறவாரியம் அமைத்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல முடியாது. 2021-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் அரிசி இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். கொடியைக் கண்ட அண்டை அயலார் இனம் பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. பை நிறையப் பொருளோடு வந்து நின்றார்கள். அந்த ஈகையை யார் குறை சொல்வார்?

ஆனால் கொடியை இறக்கிய பிறகு அந்த வீட்டின் நிலை என்ன? ஒப்புரவின் வேலை அங்கே தொடங்குகிறது. நம் சமுதாயம் ஈகையில் சோடை போனதில்லை. கோயில் தோறும் அன்னதானம், திருவிழா தோறும் தண்ணீர்ப் பந்தல், தீபாவளி தோறும் பரிசுக்கூடை. ஒப்புரவில்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர் எழுந்த கதை

ஒப்புரவு இல்லாமல் இந்தத் தலைநகரம் எழுந்திருக்காது. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்து அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் போய்ச் செங்கல் கட்டடங்கள் வரவேண்டும் என்று ஆங்கில அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். அதே 1881-இல், பின்னாளில் சீனக் கப்பித்தானாக விளங்கிய யாப் குவான் செங், ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவம் கொடுக்க ஒரு மருந்தகத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய துங் ஷின் மருத்துவமனை.

நம்மவர் பக்கம் நின்றவர் கே. தம்புசாமிப் பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றி, பின்பு ஈயத்தொழிலில் இறங்கியவர். 1890-களில் லோக் யூவோடு சேர்ந்து ரவாங்கில் தம் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர். ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தை 1873-இல் தொடங்கியவர் என்று அவர் போற்றப்படுகிறார். பத்துமலையில் 1891-இல் முருகன் சந்நிதி எழுந்ததும் அவராலேதான். அடுத்த ஆண்டே அங்கே தைப்பூசம் தொடங்கிவிட்டது.

ஆனால் அவர் கோயிலோடு நிற்கவில்லை. விக்டோரியா மகாராணியின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவுக்காகத் திரட்டிய பொதுப் பணத்தில் மீதம் இருந்தது. அதை முதலாக வைத்து, எல்லா இனப் பிள்ளைகளும் படிக்க ஓர் ஆங்கிலப் பள்ளி கட்டலாம் என்ற முடிவு வந்தது. சிலாங்கூர் சுல்தான், லோக் யூ, யாப் குவான் செங், தம்புசாமிப் பிள்ளை எல்லாரும் கை கொடுத்தார்கள். 1893-இல் அடிக்கல் நாட்டிய அந்தப் பள்ளிதான் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் தங்கள் பணத்தை ஒரே உண்டியலில் போட்டார்கள். அவரவர் பிள்ளைக்கு அவரவர் பள்ளி என்று எண்ணாமல், ஊருக்கு ஒரு பள்ளி என்று எண்ணினார்கள்.

அந்தப் பள்ளி முதலில் ஆற்றங்கரை ஓரத்தில் இருந்தது. கிள்ளான் ஆறு பெருகும்போதெல்லாம் வகுப்பறைக்குள் வெள்ளம் வந்தது. அதனால் 1929-இல் மேட்டு நிலத்தில், இப்போதுள்ள பெட்டாலிங் குன்றுக்குப் பள்ளி மாறியது. அப்போது தம்புசாமிப் பிள்ளை இல்லை, 1902-இலேயே காலமாகிவிட்டார். லோக் யூவும் 1917-இல் மறைந்துவிட்டார். கொடுத்தவர்கள் போன பிறகு, காத்தவர்கள் அதைப் பத்திரமாக மேட்டில் ஏற்றி வைத்தார்கள்.

மாரியம்மன் ஆலயத்தின் கதையிலும் இதே பாடம் உண்டு. தொடக்கத்தில் அது பிள்ளை குடும்பத்தின் சொந்த வழிபாட்டிடம். 1920-களின் பிற்பகுதியில்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. பிறகு நிர்வாகம் அறங்காவலர் கைக்குப் போனது. ஒரு குடும்பத்தின் சொத்து ஊரின் சொத்தானது. அப்படி மாறியிராவிட்டால், ஒரு தலைமுறை நொடித்துப்போன நாளில் ஆலயமும் அதோடு போயிருக்கக்கூடும்.

பத்து வெள்ளிக் கொடையாளிகள்

கொடை என்றால் கோடீசுவரர் வேலை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலில் பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கு ஒரே நாளில் வேலையும் போனது, வீடும் போனது. 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், 100 வெள்ளிக்கு ஒரு பங்கு வரும், அந்தப் பணத்தில் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

அன்றைய கூலியில் 10 வெள்ளி பெரிய பணம். பிள்ளைக்குச் சட்டை வாங்காமல், மனைவி காதில் தோடு மாட்டாமல் சேர்த்த பணம். அதைக் கட்டியவர்கள் தங்களுக்கு மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவனுடைய 10 வெள்ளி இன்னொருவனுடைய வேலையைக் காத்தது. ஊர் கூடித் தேர் இழுத்த கதை அது. இன்று பிரிக்பீல்ட்ஸின் நடுச்சாலைக்குச் சம்பந்தன் பெயர் இருக்கிறது. அந்தச் சாலையில் நடக்கிறவர்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பத்து வெள்ளிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலத்தின் விலை ஏறும்போது

பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். தருமத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வட்டாரத்தைப் போல் எடுத்துக்காட்டும் இடம் வேறு இல்லை.

ஒரு காலத்தில் அது இரயில்வேக்காரர்களின் ஊர். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த எழுத்தர்களும் தொழிலாளர்களும் குடியிருந்த ஊர். அவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கோயில் கட்டினார்கள், வாசகசாலை நடத்தினார்கள், பள்ளி திறந்தார்கள். சிங்களப் பெளத்தர்கள் 1894-இல் சங்கம் அமைத்து மகாவிகாரையை எழுப்பினார்கள். இலங்கைத் தமிழர்கள் முன்னின்று 1904-இல் விவேகானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கல்வியே அதன் முதற்பணி. விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து பெரிய நிலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

2001-இல் பழைய இரயில் முற்றம் இருந்த 72 ஏக்கர் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் முளைத்தன. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார். ஊருக்கு வெளிச்சம் வந்தது. கூடவே நிலத்தின் விலையும் ஏறியது. நூறு குவார்ட்டர்ஸ் என்று எல்லாரும் அறிந்த பழைய அரசாங்கக் குடியிருப்புகள் இடிபட்டு மறைந்தன. கடை வாடகை ஏறினால் பூக்கடைக்காரர் எங்கே போவார், வீட்டு வாடகை ஏறினால் சமையல் வேலை செய்யும் அம்மா எங்கே போவார் என்ற கேள்விகள் அப்போதுதான் எழுந்தன.

நில விலை ஏறும்போது தரும நிலத்துக்கும் சோதனை வரும். 2014-இல் விவேகானந்த ஆசிரம நிலத்தில் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வெளியே தெரிந்ததும் பெரும் சர்ச்சை மூண்டது. ஆசிரமக் கட்டடத்தை இடிக்கப் போவதில்லை, மேம்பாட்டால் கிடைக்கும் வருமானம் கல்விப் பணிக்கு உதவும் என்பது திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். நூற்றாண்டுப் பழமை வாய்ந்த நிலையத்தின் நிலத்தை வணிகக் கட்டடத்துக்கு விடக்கூடாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். பழைய மாணவர்களும் பொதுமக்களும் கையெழுத்துத் திரட்டினார்கள். கடைசியில் அரசாங்கம் தலையிட்டு, 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அதைப் பாதுகாத்தது. ஆசிரமம் இன்றும் நிற்கிறது.

யார் சரி, யார் தவறு என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரு தரப்பும் ஆசிரமத்தின் நன்மையைத்தான் பேசின. கவனிக்க வேண்டியது வேறு. பணம் இல்லாமல் பள்ளி நடக்காது என்பது உண்மை. நிலம் போனால் திரும்ப வராது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் மோதுவதற்கு இடம் கொடுத்தது எது? ஆண்டு தோறும் ஆதரவாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தால், நிலத்தைத் தொடவேண்டிய நெருக்கடியே ஒரு பொது நிலையத்துக்கு வராது. கட்டடத்துக்கு ஆபத்து என்றதும் ஆயிரம் பேர் கையெழுத்துப் போடுகிறோம். கூரை ஒழுகும்போது எத்தனை பேர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறோம்?

இந்த விஷயத்தில் அமெரிக்கக் கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னெகி கெட்டிக்காரர். உலகம் எங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குத் தாம் கொடுத்த தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டு தோறும் ஊரே பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டில் வாங்கினார். நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு வரும் நன்கொடை, அடுத்த மாதம் மின்கட்டணத்துக்கு வருவதில்லை என்பது ஆலய நிர்வாகங்களுக்குத் தெரிந்த கதை.

மஞ்சள் தடம்

எல்லாருக்கும் சம நீதி உள்ள நகரம் என்றால் என்ன? அதற்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே விடை இருக்கிறது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. அதை நம்பிப் பார்வையற்றோர் பலர் அந்த வட்டாரத்துக்கு வந்து பயிற்சி பெற்றார்கள், தொழில் கற்றார்கள், குடும்பம் நடத்தினார்கள். உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் நடத்திச் சொந்தக் காலில் நின்றார்கள். நடைபாதைகளில் அவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் தடம் போட்டிருக்கிறது. காலால் தடவிப் பார்த்து நடக்கலாம்.

அந்தத் தடத்தின் மேல் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அன்னதான வரிசையில் பரிமாறப் போனால், அவர் செய்தது தருமமா? ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொண்டது. சம நீதிக்கு எப்போதும் பெரும் பணம் வேண்டும் என்பதில்லை. வழியை அடைக்காமல் விட்டாலே போதும், அதுவும் ஒரு கொடைதான்.

பத்துமலையிலிருந்து கிள்ளான் வரை

இனி ஆற்றைப் பற்றி. பத்துமலைக்குப் பக்கத்தில் ஓடும் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக் ஆறு தலைநகரின் நடுவில், ஜாமெக் பள்ளிவாசல் அருகே, கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது. இரண்டு ஆறுகள் கூடும் அந்தச் சேற்று முகத்துவாரம்தான் கோலாலம்பூர் என்ற பெயருக்கே காரணம். அங்கிருந்து ஆறு ஷா ஆலாமைத் தொட்டு, கிள்ளானைக் கடந்து கடலில் விழுகிறது. ஆக, தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டு வீசிய ஒரு நெகிழிக் குவளை, மழை வந்து அடித்துச் சென்றால், கிள்ளான் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். மேலே இருப்பவன் செய்த புண்ணியத்தின் குப்பை கீழே இருப்பவன் வீட்டு வாசலில் ஒதுங்குகிறது.

கீழே இருப்பவர்கள் யார்? 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டிப் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளானை அடுத்த அந்தக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மாடிக்கும் கூரைக்கும் ஏறி நின்று உதவிக்குக் குரல் கொடுத்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் தாங்களாகவே இறங்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கியரோடு மற்ற இனத்தவரும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூரில் மட்டும்.

வெள்ளம் வடிந்ததும் மெத்தையும் அரிசியும் வந்து குவிந்தன. நல்லது. ஆனால் அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டியது என்ன? கால்வாயில் அடைப்பு எடுப்பது, முதியோர் தனித்திருக்கும் வீடுகளின் பட்டியல் வைத்திருப்பது, குடியிருப்புக்கு ஒரு படகு வாங்கி வைப்பது, பள்ளியின் ஆவணங்களை மாடிக்கு மாற்றுவது. இதற்கெல்லாம் நன்கொடை கேட்டால் படம் எடுத்துப் போட ஒன்றும் இராது. வெள்ளத்துக்கு முன் கொடுக்கும் 100 வெள்ளி, வெள்ளத்துக்குப் பின் கொடுக்கும் 1,000 வெள்ளியைவிட அதிகம் காப்பாற்றும். 2024-இல் கிள்ளான் அரச மாநகராக உயர்ந்தது. பெயரில் உயர்ந்த மாநகரம் மழையிலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் இந்தக் கொடைகள் வேண்டும்.

அடுக்குமாடியில் மறைந்திருக்கும் பசி

தலைநகரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி யூனிசெப் நிறுவனம் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கே 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கும் மேல். உலகம் அண்ணாந்து பார்க்கும் இரட்டைக் கோபுரம் உள்ள ஊரில், அண்ணாந்து வளரமுடியாத பிள்ளைகள்.

இவர்கள் பட்டினி கிடக்கிறவர்கள் அல்லர். வயிறு நிரம்புகிறது, சத்து இல்லை. மலிவான மாவும் சர்க்கரையும் உடம்பை ஊதவைக்கும், உயரவைக்காது. இந்தப் பசிக்கு ஒரு நாள் அன்னதானம் மருந்தாகாது. பாலர் பள்ளியில் தினம் ஒரு முட்டை, ஒரு குவளைப் பால், ஒரு பழம், அதுவும் ஆண்டு முழுவதும். அதற்கு மாதா மாதம் தவறாமல் வரும் சிறிய கொடை வேண்டும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதற்குத்தான்.

பணம் மட்டுமா? நேரமும் கொடைதான். 1979-இல் தோன்றிய கல்விச் சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் அதைச் செய்து காட்டின. பல்கலைக்கழகம் போன அண்ணன்மாரும் அக்காமாரும் வார இறுதியில் வந்து தம்பி தங்கைகளுக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் படித்தவர்களில் சிலர் பின்னாளில் தாமே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். சாவா மூவாப் பேராட்டின் குட்டிகள் அவர்கள்தாம்.

கொடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள்

பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்றார்கள் முன்னோர்கள். கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

முதல் கேள்வி: இந்த அமைப்பு பதிவு பெற்றதா? 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவு பெற்ற சங்கம், ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அனுப்பியாயிற்றா என்று கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி: 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் இருக்கிறதா? இருந்தால் ரசீதைக் காட்டிக் கொடையாளி வரிக்கழிவு பெறலாம். தனிநபருக்கு அவருடைய மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை அந்தக் கழிவு உண்டு. ரசீது இல்லாத நன்கொடை கடலில் கரைத்த பெருங்காயம்.

மூன்றாவது கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கிறது? தனி ஒருவர் பெயரிலா, சங்கத்தின் பெயரிலா, முறைப்படி அமைந்த அறங்காவலர் பெயரிலா? நம் ஆலயங்கள் பலவற்றுக்கும் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்த துன்பங்களின் வேர் இந்தக் கேள்வியைக் காலத்தில் கேட்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

நான்காவது கேள்வி: இப்போது பொறுப்பில் இருப்பவர் விலகினால் அடுத்தவர் யார்? பதில் இல்லை என்றால் அந்தத் தருமத்துக்கு வாரிசு இல்லை என்று பொருள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்பவரை எதிரியாக நினைக்க வேண்டாம். கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்த நிர்வாகத்துக்கு வதந்தியால் கெடுதல் வராது. இளைஞர்கள் வருவதில்லை என்று குறைப்படும் தலைவர்கள், வந்த இளைஞருக்கு நாற்காலி எடுத்துப் போடும் வேலையைத் தவிர வேறு வேலை கொடுத்ததுண்டா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, தம்புசாமிப் பிள்ளையைப் போல் அள்ளிக் கொடுக்க எல்லாராலும் முடியாது. சம்பந்தனைப் போல் ஊரைத் திரட்டவும் எல்லாராலும் முடியாது. ஆனால் காப்பவராக இருக்க எல்லாராலும் முடியும். அதற்குச் செல்வம் தேவையில்லை, அக்கறை போதும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலயமோ, பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்போர் சங்கமோ ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பும். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்திருக்கலாம். இந்த ஆண்டு அதைப் பிரித்துப் பாருங்கள். போய் உட்காருங்கள். கணக்கறிக்கையைப் படியுங்கள். புரியாததைப் பணிவாகக் கேளுங்கள். கூட்டம் முடிந்த பின் தேநீர் குடித்துவிட்டு வரும்போது, மாதம் பத்து வெள்ளியாவது கொடுப்பதாகப் பெயர் எழுதிவிட்டு வாருங்கள்.